பாத்திரவான் யார்? அயல் நகரில் யூத வழிப்போக்கனும் ஆதித் திருச்சபையும்

யூதருடைய வாய்மொழிச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில் 'தெமாய்' என்றொரு பகுதி உண்டு. தசமபாகம் செலுத்தப்பட்டதோ இல்லையோ என்று ஐயத்திற்குரிய விளைபொருளுக்குத் தெமாய் என்று பெயர். அப்பகுதியின் நான்காம் அதிகாரம் ஆறாம் விதியில் ஒரு வழிப்போக்கன் நம் கண்முன் நிறுத்தப்படுகிறான். அவன் ஒரு நகருக்குள் நுழைகிறான். அங்கே அவனுக்கு அறிமுகமானவர் ஒருவருமில்லை. உணவு வாங்கியாக வேண்டும். இவ்வூரில் நம்பத்தக்கவர் யார், தசமபாகம் செலுத்துகிறவர் யார் என்று அவன் விசாரிக்கிறான். ஒருவன் முன்வந்து, தானே அத்தகையவன் என்பானாயின் அவனை நம்பலாகாது. இன்னார் நம்பத்தக்கவர் என்று வேறொருவரைச் சுட்டிக்காட்டுவானாயின் அவன் சொல்லை ஏற்கலாம். சுட்டப்பட்டவரிடம் சென்று வாங்கும்போது, பழைய தானியம் விற்பவர் யார் என்று வழிப்போக்கன் மீண்டும் கேட்கிறான். புதிய விளைச்சலை முதற்பலனின் கதிர்க்கட்டைப் படைக்குமுன் உண்ணலாகாது என்பது லேவியராகமம் 23:14இன் கட்டளையன்றோ? அதற்கு அவ்வியாபாரி, இவனைத் தம்மிடம் அனுப்பியவரையே சுட்டுகிறார். இருவரும் ஒருவருக்கொருவர் கைம்மாறு செய்துகொள்வதுபோல் தோன்றினாலும் அவர்களை நம்பலாம் என்று விதி முடிகிறது. கடைத்தெருவை நன்கறிந்தவர்களே இதனை இயற்றினர் என்பதில் ஐயமில்லை.

மிஷ்னா ஏறத்தாழ கி.பி. 200இல் ரபி யூதா ஹநாசியின் தலைமையில் தொகுக்கப்பட்டது. ஆகையால் அதிலுள்ள ஒவ்வொரு விதியையும் அப்படியே நம் ஆண்டவரின் காலத்துக்கு ஏற்றிச் சொல்லுதல் முறையன்று. எனினும் இவ்விதியைப் படிக்கும் இறையியல் மாணவருக்கு மத்தேயு 10:11 நினைவுக்கு வராமற் போகாது. இயேசு பன்னிருவரை அனுப்பும்போது, தாங்கள் நுழையும் ஊரில் பாத்திரவான் யாரென்று முதலில் கேட்டறிந்து, ஊரைவிட்டு நீங்கும்வரை அவன் வீட்டிலேயே இருக்கவேண்டுமென்று பணிக்கிறார். முன்பின் அறியாத ஊரில் கால்வைத்த பக்தியுள்ள யூதன் கேட்டுப் பழகிய கேள்வியே அது. நம் ஆண்டவர் அக்கேள்வியை எடுத்துத் தம் சீஷரின் வாயில் வைத்தார்.

திருச்சபை வரலாற்று நூல்கள் நற்செய்தி விரைந்து பரவியதற்குக் காரணங்கள் கூறும்போது ரோமரின் சாலைகளையும், அகுஸ்துராயன் நிலைநாட்டிய அமைதியையும், கிரேக்க மொழியின் பொதுமையையும் தவறாமல் குறிப்பிடும். நம் தேர்வு விடைத்தாள்களிலும் இம்மூன்றும் வரிசையாக வந்துவிடும். அவை உண்மையே. ஆனால் சாலை ஒருவனை நகர்வாயில் வரையில் கொண்டுவிடுமேயன்றி, அங்கே அவனுக்குப் படுக்கையும் உணவும் தந்துவிடாது. பவுலும் பர்னபாவும் பிரிஸ்கில்லாவும் ஆக்கில்லாவும் அயல் நகரில் முதல் இரவை எங்கே கழித்தனர் என்ற கேள்விக்கு விடை, நாம் பிரசங்க பீடத்தில் 'நியாயப்பிரமாணத்தின் நுகம்' என்று சொல்லிக் கடந்துவிடுகிற அந்தக் கட்டளைகளிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. உணவு விதியும் ஓய்வுநாள் விதியும் யூத வழிப்போக்கனைத் தனித்து வாழ இயலாதவனாக ஆக்கின. அவன் தன் இனத்தாரைத் தேடியே தீரவேண்டும். அவ்வாறு தேடிவருவோருக்காக ஊர்தோறும் ஒரு கதவு திறந்திருந்தது. அக்கதவின் வழியாகவே திருத்தூதர் உள்ளே நுழைந்தனர்.

இங்கே நம் நாட்டு வாசகருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. விசாரித்து உண்பது என்றவுடன் சமைத்தவர் என்ன சாதி என்று கேட்கும் நம்மூர் வழக்கமே நம் மனத்தில் எழும். யூதச் சமயத்தில் தீட்டு பற்றிய விதிகள் இருந்தன. அவற்றைக் கடுமையாகக் கைக்கொண்டோர் மற்றவரை விலக்கி வைத்ததும் உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தெமாய் விதியின் வழிப்போக்கன் பிறப்பை விசாரிக்கவில்லை. லேவியனுடைய பங்கும் ஏழையினுடைய பங்கும் இத்தானியத்திலிருந்து எடுத்து வைக்கப்பட்டனவா என்றே விசாரிக்கிறான். இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வரலாற்றுக்கும் நியாயம் செய்யாது. சாதியின் கொடுமையையும் சரியாகக் காட்டாது.

உணவும் ஓய்வுநாளும்

இஸ்ரவேல் நாட்டுக்கு வெளியே வழிப்போக்கனின் இடர் இன்னும் பெரிது. கடைத்தெரு இறைச்சி விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டதாக இருக்கலாம். இரத்தம் நீங்காததாக இருக்கலாம். திராட்சரசத்தின் ஒரு பகுதி தெய்வங்களுக்கு வார்க்கப்பட்டிருக்கலாம். வரலாற்றாசிரியர் யோசேபஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு செய்தி கூறுகிறார். யூதேயாவின் தேசாதிபதி பேலிக்ஸ், அற்பக் குற்றச்சாட்டு ஒன்றின்பேரில் சில ஆசாரியரைக் கட்டி, இராயன் முன் நிற்கும்படி ரோமாபுரிக்கு அனுப்பினான். அவர்கள் அந்தக் காவலிலும் தங்கள் பக்தியை மறவாமல், அத்திப்பழங்களையும் கொட்டைகளையுமே உண்டு உயிர் வாழ்ந்தனர். அவர்களை விடுவிக்க யோசேபஸ் தாமே தம் இருபத்தாறாம் வயதுக்குப்பின், அதாவது ஏறத்தாழ கி.பி. 64இல், கடல் மார்க்கமாகப் புறப்பட்டார். ஆதிரியாக் கடலில் கப்பல் மூழ்கிற்று. ஏறத்தாழ 600 பேரில் 80 பேர் அளவில் நீந்தி, சிரேனே நாட்டுக் கப்பலொன்றினால் காப்பாற்றப்பட்டனர். அவர் கரையேறிய துறைமுகம் புத்தேயோலி. சில ஆண்டுகளுக்கு முன் கப்பற்சேதத்துக்குத் தப்பிய பவுல் கரையேறியதும் அதே துறைமுகத்திலேதான். அங்கே பவுல் சகோதரரைக் கண்டு ஏழுநாள் தங்கினார் (அப். 28:13, 14), யோசேபஸோ அலித்துரு என்னும் யூத நாடக நடிகனொருவனின் நட்பைப் பெற்று, அவன் மூலமாக நீரோவின் மனைவி பொப்பேயாளின் தயவைப் பெற்றார். இருவரும் கரையில் இறங்கியபின் செய்தது ஒன்றே: தம்மவர் யார் என்று கண்டறிந்தனர்.

அத்தியும் கொட்டையும் உண்ட அந்த ஆசாரியரை நினைத்துக்கொண்டு ரோமர் 14ஆம் அதிகாரத்தைப் படித்துப் பார்ப்பது நன்று. அங்கே மரக்கறி மாத்திரம் உண்ணும் பலவீனன் ஒருவனைப் பவுல் குறிப்பிடுகிறார். விரிவுரைகளில் அவனை மூடபக்தியுள்ளவனாகச் சித்திரித்துவிடுகிறோம். ரோமாபுரி போன்ற பெருநகரில், நம்பத்தக்க கசாப்புக் கடை இன்னதென்று அறியாத ஒரு யூத விசுவாசிக்கு மரக்கறியே பாதுகாப்பான உணவு. பாபிலோன் அரண்மனையில் தானியேல் கேட்ட பருப்பு வகைகளும் அவ்வாறே. விசுவாசத்தில் பலவீனன் என்று பவுல் அவனை அழைப்பது உண்மை; அவனை அற்பமாய் எண்ணலாகாது என்று அடுத்த வசனத்திலேயே கட்டளையிடுவதும் உண்மை.

யூதர் பெருந்தொகையாக வாழ்ந்த நகரங்களில் இவ்விடர் ஒருவாறு தீர்க்கப்பட்டிருந்தது. சர்தை நகரின் ஆட்சிமன்றமும் மக்களும் செய்த தீர்மானமொன்றை யோசேபஸ் தம் 'யூதத் தொன்மைகள்' பதினான்காம் நூலில் எடுத்தெழுதியிருக்கிறார். யூதர் குறித்த நாள்களில் கூடிவரலாம், அவர்களுக்கென இடம் ஒதுக்கப்படும், அவர்களுக்கு ஏற்ற உணவுப் பொருள் ஊருக்குள் கொண்டுவரப்படும்படி சந்தை அதிகாரிகள் கவனிக்க வேண்டும் என்பன அதன் பொருள். ஒரு புறவின நகராட்சி தன் சந்தை அலுவலருக்கு இப்படிப்பட்ட கடமையை விதித்தது வியப்புக்குரியதே. அத்தகைய நகருக்கு வரும் வழிப்போக்கன் செய்யவேண்டியது, அந்தக் கடை எங்கேயென்று ஒரு யூதனிடம் கேட்பது மட்டுமே.

ஓய்வுநாளைப் பற்றிய விதிகள் பயணத்தை இன்னும் நெருக்கின. வெள்ளிக்கிழமை பொழுது சாய்கையில் ஒருவன் எங்கே இருக்கிறானோ அதுவே அவனுடைய இடம். அங்கிருந்து 2,000 முழத்துக்கு அப்பால் போகலாகாது. ஊருக்குள் இருப்பானாகில் ஊர் முழுவதும் அவனுக்கு ஒரே இடமாக எண்ணப்பட்டு, அதன் எல்லையிலிருந்து 2,000 முழம் அளக்கப்படும். அப்போஸ்தலர் 1:12இல் ஒலிவமலையைக் குறித்து லூக்கா சொல்லும் ஓய்வுநாள் பிரயாண தூரம் இதுவே. வழியிலேயே பொழுது சாய்ந்துவிட்டால் கையிலுள்ள பணப்பையை என்ன செய்வது? உடன் வரும் புறவினத்தானிடம் கொடுக்கலாம். அப்படி ஒருவனும் இல்லையாகில் கழுதையின்மேல் வைக்கலாம் என்கிறது மிஷ்னாவின் சபாத் பகுதி (24:1). ஊரின் முதல் முற்றத்தை அடைந்ததும் ஓய்வுநாளில் தொடத்தக்க பொருள்களைக் கையால் இறக்கி, மற்றவற்றின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். மூட்டைகள் தாமாகவே விழும். இவை வெறும் நுணுக்கவாதமென்று நகைப்பவர், நெடும்பயணத்தில் களைத்து, கையில் பணத்தோடு, இருள் கவிகிற வேளையில் ஊர்வாயிலில் நிற்கும் மனிதனை நினைத்துப் பார்க்க வேண்டும். அவனுக்கு இவ்விதிகள் பெரும் ஆறுதல்.

கப்பலில் சென்றவரின் நிலை வேறு. ரபான் கமாலியேலும் ரபி எலெயாசார் பென் அசரியாவும் ரபி யோசுவாவும் ரபி அக்கிபாவும் இத்தாலியின் பிரிந்திசித் துறைமுகத்திலிருந்து திரும்பிய பயணத்தை எருபின் பகுதி (4:1, 2) நினைவுகூர்கிறது. இவர் அப்போஸ்தலர் 22:3இல் வரும் கமாலியேலின் பேரனார். ஓய்வுநாளில் கப்பல் கடலில் நகர்ந்தபோது, முதல் இருவரும் கப்பல் முழுவதும் நடந்தனர்; மற்ற இருவரும் தம்மேல் கடுமையை ஏற்றுக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து நான்கு முழத்துக்கு அப்பால் அசையவில்லை. மற்றொருமுறை கப்பல் துறைமுகத்துக்குள் வருமுன் இருட்டிவிட்டது. இறங்கலாமோ என்று கமாலியேலைக் கேட்டனர். இருட்டுமுன்னரே தூரத்தைக் கணித்து வந்ததாகவும், எல்லைக்குள் வந்துவிட்டபடியால் இறங்கலாமென்றும் அவர் விடையளித்தார். தூரம் பார்க்க ஒரு குழாய்க் கருவி அவரிடம் இருந்ததென்று தல்மூத் சேர்த்துச் சொல்கிறது. ஒரே கப்பலில், ஒரே சட்டத்துக்குக் கீழ்ப்பட்ட நால்வர் இருவிதமாக நடந்தனர் என்பதையும், அதற்காக ஒருவரையொருவர் கண்டனம் செய்ததாக மிஷ்னா சொல்லவில்லை என்பதையும் மாணவர் கவனிக்க வேண்டும். பரிசேயர் யாவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் என்று எண்ணிக்கொண்டு நற்செய்தி நூல்களை விளக்குவோர் இன்னும் உளர்.

ரோம அரசும் இந்நாளை அறிந்திருந்தது. ஓய்வுநாளிலும், அதற்கு முந்திய ஆயத்தநாளில் ஒன்பதாம் மணி நேரத்துக்குப் பின்னும் யூதரை நீதிமன்றத்துக்கு வரும்படி வற்புறுத்தலாகாது என்று அகுஸ்து பிறப்பித்த ஆணையை யோசேபஸ் பதிவு செய்திருக்கிறார்.

எருசலேமின் ஒரு கல்வெட்டு

எருசலேமின் தென்பகுதியில், தாவீதின் நகரம் எனப்படும் குன்றில், 1913-14ஆம் ஆண்டுகளில் ரேமோன் வெய்ல் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் அகழ்ந்தபோது, ஒரு நீர்த்தொட்டிக்குள் கிரேக்க மொழியில் பத்து வரிகள் பொறித்த கல்லொன்று கிடைத்தது. கி.பி. 70இல் எருசலேம் அழியுமுன் பொறிக்கப்பட்டது என்பதே பெரும்பாலான அறிஞர் முடிவு. வெத்தேனு என்பவரின் மகனும், ஆசாரியரும், ஜெப ஆலயத் தலைவருமாகிய தியோதோத்து என்பவர் இந்த ஜெப ஆலயத்தைக் கட்டினார். அவர் தந்தையும் பாட்டனும் ஜெப ஆலயத் தலைவராயிருந்தவர்களே. எதற்காகக் கட்டினார்? நியாயப்பிரமாணத்தை வாசிப்பதற்கும் கட்டளைகளைப் போதிப்பதற்கும் என்று கல்வெட்டு சொல்கிறது. அதனோடு நிற்கவில்லை. அயல்நாட்டிலிருந்து வந்து தங்க இடமின்றி இருப்போருக்காக விருந்தினர் விடுதியும், அறைகளும், தண்ணீர் வசதிகளும் கட்டினதாகவும் சொல்கிறது. ஜெபத்தைப் பற்றி அக்கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை என்பது பலரை வியக்க வைத்திருக்கிறது. தேவாலயம் அருகிலேயே இருந்த நகரில், ஜெப ஆலயம் முதன்மையாக வேதம் ஓதும் கூடமாகவும் வழிப்போக்கர் தங்கும் வீடாகவும் விளங்கியது.

வெத்தேனு என்பது இலத்தீன் பெயர். ஆதலால் இக்குடும்பம் ரோமாபுரியில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழிவந்ததாக இருக்கலாமென்றும், அப்போஸ்தலர் 6:9இல் ஸ்தேவானோடு தர்க்கம் செய்த லிபர்த்தீனரின் ஆலயம் இதுவாக இருக்கலாமென்றும் சிலர் கருதினர். இதனை மெய்ப்பிக்க அப்பெயரைத் தவிர வேறு சான்றில்லை. கருத்தைக் கவரும் ஊகமாகவே இதனைக் கொள்ளலாம்.

கிரேக்கம் பயிலும் மாணவருக்கு இக்கல்வெட்டில் வேறொரு செல்வமும் உண்டு. தங்குமிடம் என்பதற்கு அதில் 'கத்தாலுமா' என்ற சொல் ஆளப்பட்டிருக்கிறது. லூக்கா 2:7இல் மரியாளுக்கும் யோசேப்புக்கும் இடம் கிடைக்காத இடத்துக்கும், லூக்கா 22:11இல் கடைசி இராப்போஜனத்துக்குரிய அறைக்கும் வழங்கும் சொல் இதுவே. நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோன இடமோ 'பந்தொகெயோன்', அதாவது பணம் கொடுத்துத் தங்கும் பொது விடுதி. நம் பழைய திருப்புதலில் லூக்கா இரண்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் 'சத்திரம்' என்றே வருவதால் இவ்வேறுபாடு மறைந்துவிட்டது. பொது விடுதிகளைப் பற்றி யூதருக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை. புறவினத்தாரின் விடுதியில் கால்நடையைக்கூட விட்டுவைக்கலாகாது என்று மிஷ்னா விதிக்கிறது. ஆகவே பக்தியுள்ள வழிப்போக்கன் தேடியது பந்தொகெயோனை அன்று, கத்தாலுமாவையே.

எருசலேமில் மட்டுமே இந்த வழக்கம் இருந்ததென்று எண்ணவேண்டாம். ரோமாபுரியின் துறைமுகமாகிய ஒஸ்தியாவில் 1961இல் விமான நிலையத்துக்குச் சாலை அமைக்கும்போது வெளிப்பட்ட ஜெப ஆலயத்தில் ஓர் அடுப்பும், சுவரோரம் அகன்ற திண்ணைகள் அமைந்த ஒரு கூடமும் காணப்பட்டன. அக்கூடம் உணவுக்கும், வழிப்போக்கர் தங்குவதற்கும் பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அலெக்சந்திரியாவின் பெரிய ஜெப ஆலயத்தைப் பற்றித் தொசெப்தா என்னும் தொகுப்பு கூறுவது இதனினும் இனியது. அங்கே மக்கள் கலந்து உட்காரவில்லை. பொற்கொல்லர் ஓரிடத்திலும், வெள்ளி வேலை செய்வோர் ஓரிடத்திலும், நெசவாளர் ஓரிடத்திலும் எனத் தொழில்வாரியாக அமர்ந்தனர். ஏனெனில் அயலூரிலிருந்து வரும் ஏழை உள்ளே நுழைந்ததும் தன் தொழிலாளரைக் கண்டு அவர்களோடு சேர்ந்துகொள்வான்; அவர்கள் மூலம் பிழைப்புக்கு வழி கிடைக்கும். அப்பட்டியலில் 'தர்சியர்' என்றொரு தொழிற்குழுவும் உண்டு. தர்சு நகர முறையில் நெய்வோர் என்று பலர் பொருள்கொள்வர். அந்நகரத்தானாகிய ஒரு கூடாரத் தொழிலாளி கொரிந்துவுக்கு வந்து, தன் தொழிலையே செய்த ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாவையும் கண்டு அவர்களிடத்தில் தங்கினான் என்று லூக்கா எழுதும்போது (அப். 18:2, 3), அவர் ஒரு தற்செயலான சந்திப்பைச் சொல்லவில்லை. ரோமாபுரியிலிருந்து கிலவுதியுராயனால் துரத்தப்பட்டு, சிறிது காலத்துக்கு முன் தாங்களும் வழிப்போக்கராகவே அங்கு வந்திருந்த அவ்விருவரும், வழிவழி வந்த முறைப்படியே மற்றொரு வழிப்போக்கனை ஏற்றுக்கொண்டனர்.

ஏழைக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டிருந்தது. ஊர்விட்டு ஊர் செல்லும் ஏழைக்கு ஒரு பொந்தியோன் விலைபெறும் அப்பத்துக்குக் குறையாமல் கொடுக்கவேண்டும். இரவு தங்கினால் படுக்கைக்கானதைக் கொடுக்கவேண்டும். ஓய்வுநாளில் தங்கினால் மூன்று வேளை உணவு கொடுக்கவேண்டும் என்கிறது மிஷ்னாவின் பேயா பகுதி (8:7). ஓய்வுநாளில் மூன்று வேளை உண்பது அந்நாளின் மகிழ்ச்சிக்கு அடையாளம். வழிப்போக்கனான ஏழையும் அம்மகிழ்ச்சியில் குறைவுபடலாகாது.

இவ்விருந்தோம்பலின் சுவடு வழிபாட்டு முறையிலும் பதிந்துவிட்டது. ஓய்வுநாளைத் திராட்சரசக் கிண்ணத்தின்மேல் ஆசீர்வதித்து வரவேற்கும் கித்தூஷ் என்னும் சடங்கு, உணவு உண்ணும் இடத்திலேயே செய்யப்படவேண்டும். அவ்வாறாயின் ஜெப ஆலயத்தில் ஏன் அதனைச் சொல்லுகிறோம் என்று பாபிலோனியத் தல்மூத்தில் (பெசாகிம் 101அ) கேள்வி எழுகிறது. ஜெப ஆலயத்திலேயே உண்டு, குடித்து, உறங்கும் விருந்தினர் தம் கடமையை நிறைவேற்றும் பொருட்டு என்பதே விடை. விருந்தினர் ஜெப ஆலயங்களில் உறங்கும் வழக்கம் மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் வெள்ளிக்கிழமை மாலையில் ஜெப ஆலயத்தில் கித்தூஷ் சொல்லும் வழக்கம் பல சபைகளில் இன்றளவும் நிலைத்திருக்கிறது. நம் வழிபாட்டு நூல்களிலும் காரணம் மறைந்து சடங்கு மட்டும் எஞ்சிய இடங்கள் சில உண்டென்பதை, வழிபாட்டியல் கற்பிப்போர் அறிவர்.

விசாரித்தலும் விசாரியாதிருத்தலும்

இப்பின்னணியோடு பவுலின் பயணங்களைப் பார்ப்போம். பிலிப்பியில் சில நாள் இருந்தபின், ஓய்வுநாளில் அவரும் உடனிருந்தோரும் நகருக்கு வெளியே ஆற்றங்கரைக்குச் செல்கின்றனர் (அப். 16:13). ஏன் ஆற்றங்கரை? யூதர் தங்கள் முன்னோர் வழக்கப்படி கடலோரத்தில் ஜெபஸ்தலங்களை அமைத்துக்கொள்ளலாம் என்று அலிக்கர்நாசு நகரத்தார் செய்த தீர்மானத்தையும் யோசேபஸ் தந்திருக்கிறார். யூதர் தொகை குறைந்த ஊரில், தெரிந்தவர் எவருமில்லாத வழிப்போக்கன் ஓய்வுநாளில் நீர்நிலையை நோக்கி நடந்தால் தம்மவரைக் காணலாம். அங்கே அவர்கள் கண்டது சில பெண்களை. அவர்களுள் தியத்தீராவைச் சேர்ந்த இரத்தாம்பர வியாபாரி லீதியாள், தானும் அயலூராள், தன்னைக் கர்த்தரிடத்தில் விசுவாசமுள்ளவளென்று எண்ணினால் தன் வீட்டில் வந்து தங்கும்படி அவர்களை வருந்திக் கேட்டுக்கொள்கிறாள். தெமாய் விதியின்படி தன்னைத்தானே நம்பத்தக்கவள் என்று சொல்லிக்கொள்பவள் நம்பத்தக்கவளல்ல. அதனாலோ என்னவோ, அவள் தீர்ப்பைத் திருத்தூதரிடமே விட்டுவிடுகிறாள். புறவினத்தாளாகப் பிறந்து தேவனை வணங்கிவந்த அவள் வீட்டுக்குள் பவுல் சென்றார். அவர் அங்கே என்ன உண்டார் என்று லூக்கா சொல்லவில்லை.

பரிந்துரைக் கடிதம் இந்த அமைப்பின் மற்றோர் உறுப்பு. சவுல் தமஸ்குவுக்குச் சென்றபோது அங்குள்ள ஜெப ஆலயங்களுக்கு நிருபங்கள் வாங்கிச் சென்றார். அப்பொல்லோவுக்காக எபேசுவின் சகோதரர் அகாயாவுக்கு எழுதினர். பெபேயாளைப் பவுல் ரோமர் 16ஆம் அதிகாரத் தொடக்கத்தில் ஒப்புவிக்கிறார். 'இன்னார் நம்பத்தக்கவர்' என்று மூன்றாம் ஆள் சொல்லும் சான்று எழுத்து வடிவம் பெற்றதே இந்நிருபம்.

ஆனால் அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் (10:25, 27), கடையில் விற்கப்படுவதை மனச்சாட்சியை முன்னிட்டு ஒன்றும் விசாரியாமல் உண்ணலாம் என்றும், அவிசுவாசியின் விருந்துக்குச் சென்றால் முன்வைக்கப்படுவதை விசாரியாமல் உண்ணலாம் என்றும் எழுதுகிறார். 'விசாரியாமல்' என்ற சொல்லை நாம் எளிதாகக் கடந்துபோகிறோம். தெமாய் விதியின் வழிப்போக்கனை அறிந்தபின் அவ்வாறு கடக்க இயலாது. விசாரித்தல் அவன் பக்தியின் உயிர்நிலை. அவனைத் தன் மக்களோடு பிணைத்ததும் அதுவே. கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்த ஒருவர் இவ்வாறு எழுதக் கொடுத்த விலை பெரிது. நற்செய்தி புறவினத்தாரின் பந்திக்குச் செல்லவேண்டுமாயின் அந்த விலை கொடுக்கப்பட வேண்டியிருந்தது. ஆயினும் சுமையொன்றை உதறிய மகிழ்ச்சியாக மட்டும் அதனை விளக்குவது சரியன்று. விசாரிப்பதை நிறுத்தியவனுக்கு ஊர்தோறும் திறந்திருந்த கதவு ஒருநாள் அடைபடும். அது அடைபட்டதையும் லூக்கா எழுதியிருக்கிறார்.

அந்தியோகியாவில் நடந்த பிணக்கும் (கலா. 2:11-14) வழிப்போக்கரின் பிணக்கே. பேதுரு அவ்வூரில் விருந்தாளி; யாக்கோபினிடத்திலிருந்து வந்தவர்களும் விருந்தாளிகள். முதலில் புறவினத்தாரோடு உண்டவர், தம் ஊரார் வந்தவுடன் விலகிக்கொண்டார். பவுலின் கண்டனம் நியாயமானது. ஆனால் எருசலேமிலிருந்து வந்து இறங்கியவர்கள், தாங்கள் அந்த வீட்டில் எதை உண்ணலாம் என்று மெய்யாகவே திகைத்திருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எருசலேம் ஆலோசனைச் சங்கத்தின் தீர்மானத்தை (அப். 15:20, 29) நான் இவ்வழியிலேயே புரிந்துகொள்கிறேன். விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது என்று பந்தி சம்பந்தமான மூன்றையும், அவற்றோடு வேசித்தனத்தையும் விலக்கும்படி புறவினச் சபைகள் கேட்டுக்கொள்ளப்பட்டன. உணவைப் பற்றிய இம்மூன்றையும் விலக்கிய வீட்டில் யூத விசுவாசி தங்கி உண்பது கைகூடும். இதனை அடுத்து, மோசேயின் ஆகமங்கள் எல்லாப் பட்டணங்களிலும் ஓய்வுநாள்தோறும் வாசிக்கப்பட்டு வருகின்றன என்று யாக்கோபு சொல்வதற்கு (15:21) விரிவுரையாளர் பலவாறு பொருள் கூறுவர். எல்லாப் பட்டணங்களிலும் ஜெப ஆலயம் உண்டு. ஆகவே எல்லாப் பட்டணங்களுக்கும் யூத வழிப்போக்கர் வருவர். அவர்களுக்காக உங்கள் பந்தியை ஆயத்தம் செய்துவையுங்கள் என்று கொள்வது எனக்குப் பொருத்தமாகப்படுகிறது. பவுல் கடைசியாக எருசலேமுக்குச் சென்றபோது புறவினத் தோழரும் உடனிருந்தனர். அவர்கள் எல்லாரையும் ஏற்கத்தக்க வீடாகச் செசரியாவின் சீஷர் கண்டது, சீப்புருத்தீவானாகிய மினாசோன் என்னும் பழைய சீஷனுடைய வீட்டை (21:16).

ஜெப ஆலயக் கதவு அடைபட்டபின் திருச்சபை தன் கதவைத் தானே அமைத்துக்கொண்டது. அதன் அளவுகளை யூதரிடமிருந்தே எடுத்தது. 1873இல் பிரியெனியோஸ் என்னும் பேராயர் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கண்டெடுத்து 1883இல் வெளியிட்ட 'திதகே' என்னும் பழஞ்சுவடி, வரும் வழிப்போக்கன் இரண்டு நாளோ, தேவையானால் மூன்று நாளோ தங்கலாமென்றும், நிலையாகத் தங்க விரும்புகிறவன் தொழில் தெரிந்தவனாகில் உழைத்து உண்ண வேண்டுமென்றும் விதிக்கிறது. யோவானின் மூன்றாம் நிருபத்தில் காயு அந்நிய சகோதரரை ஏற்கிறான். தியோத்திரேப்பு ஏற்காததுமன்றி, ஏற்க விரும்புவோரையும் தடுக்கிறான்.

கடைசியாக ரோமாபுரிக்கு வருவோம். பேலிக்ஸ் அனுப்பிய ஆசாரியர் அங்கே அத்தியும் கொட்டையும் உண்டு காவலிலிருந்த ஆண்டுகளும், பவுல் தமக்கு வாடகையாக வாங்கிய வீட்டில் போர்ச்சேவகனோடு இருந்த இரண்டு ஆண்டுகளும் ஏறத்தாழ ஒரே காலம். பவுல் வந்த மூன்றாம் நாள் அந்நகரின் யூதத் தலைவரை அழைத்தார். யூதேயாவிலிருந்து அவரைக் குறித்துத் தங்களுக்குக் கடிதம் ஒன்றும் வரவில்லை என்று அவர்கள் முதலில் சொன்னார்கள். பின்னர் நாள் குறித்து அநேகர் அவர் தங்கியிருந்த இடத்துக்கு வந்து, காலைமுதல் மாலைவரை இருந்தனர் (அப். 28:23). அவ்வளவு நேரம் இருந்தவர்கள் முன் என்ன வைக்கப்பட்டது என்று லூக்கா எழுதவில்லை. சகோதரன் இடறுவானாகில் இறைச்சி உண்ணாமலும் திராட்சரசம் குடியாமலும் இருப்பதே நல்லதென்று அந்நகரத்து விசுவாசிகளுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே எழுதியிருந்தவர், அவர்கள் உண்ணக்கூடாத ஒன்றை அவர்கள் முன் வைத்திருப்பார் என்று நான் எண்ணவில்லை.